கொரெட்டியின் ஒத்தையாட்டம்

சீனப் பெருநாளன்று காலையில் எட்மண்டுக்கு உலகத்தில் உள்ள வேலையெல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தது. கோழிக்கூட்டின் கதவு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. வாசல் சாக்கடையில் இலை அடைத்திருந்தது. வாரக்கணக்கில் கண்ணில் படாத இவையெல்லாம், மகள் குளோரியா கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டன.

"அப்பா, வந்து உக்காருங்க. நீங்க இல்லாம நான் எதையும் தொட மாட்டேன்," என்றாள் குளோரியா.

"டயருக்குக் காத்தடிச்சிட்டு வந்துர்றேன்மா."

"பெடாஸ் டவுன்ல ஒரு கடை தொறந்திருக்காது இன்னைக்கி. யாரு காத்தடிப்பா? வாங்க லா."

மனிதர் மாட்டிக்கொண்டார். சமையல்கட்டிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு, தேர்வெழுத வந்த பையனைப் போல அதன் நுனியில் உட்கார்ந்தார்.

வேலை என்று பார்த்தால் அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. எட்மண்டின் கணினிக்குள் இன்னொரு கணினி குடியிருந்தது. இரும்பும் கம்பியும் உள்ளதல்ல, முழுக்க மென்பொருளால் ஆனது. குளோரியா அதை வெர்ச்சுவல் மெஷின் என்பாள். எட்மண்ட் உள்பெட்டி என்பார். திரையில் ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் விண்டோஸ் 98 என்கிற கிழம், தான் கிழம் என்பதே தெரியாமல் பளிச்சென்று எழுந்து உட்காரும். அந்த உள்பெட்டியைத் தாங்கிப் பிடிக்கும் மென்பொருளுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது. வெளியே இருந்த புதிய விண்டோஸோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டால் ஒரு தடவைதான் திறந்தது. ஒருநாள் திறக்காமலேயே போய்விடும், அதற்குள் புதிய பதிப்புக்கு மாற்றியாக வேண்டும் என்று குளோரியா மாதக்கணக்கில் நச்சரித்தாள். சிரம்பானில் ஒரு கம்பெனியில் கணினி வேலை பார்க்கிறவள், தெமியாங்கில் புருஷனோடு இருக்கிறாள். பெருநாள் விடுமுறையில் இதற்கென்றே வந்திருந்தாள். எட்மண்டுக்கு இனித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. மறுநாள் விபூதிப் புதன், நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் நாள். அந்த வெள்ளிக்கிழமை, எட்மண்ட் வேலை பார்த்த ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் முதல் சிலுவைப்பாதை வழிபாடு.

தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். அது கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சனமெல்லாம் ரெம்பாவ், சிரம்பான் என்று சிதறிவிட்டது. ஆனால் கோயில் மிச்சமிருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழைய ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வந்து, செம்பனை மரங்களில் கட்டிய சிலுவைகளுக்கு முன்னால் முழங்கால் போட்டுப் பாடுவார்கள். பாட்டுத் தாள் எட்மண்ட் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அந்தப் பாட்டுகள் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. உள்பெட்டியில் திறந்தால் தமிழ். வெளியே கொண்டுவந்தால் கோழி கிளறிய மண். அடித்துவைத்தவள் எட்மண்டின் மனைவி மரியகொரெட்டி. கோவிட் காலத்தில் போய்ச் சேர்ந்தவள்.

கொரெட்டி அந்தத் தோட்டத்து உபதேசியாரின் மகள். சாமியார் மாதத்துக்கொரு முறை எட்டிப் பார்க்கும் தோட்டத்தில், மற்ற நாளெல்லாம் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுத்து, செத்தவர்களைக் குழியில் இறக்குகிற மனிதர் அவர். அவர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எந்தப் பேய் பிடித்ததோ, சீட்டுக்கட்டின் மேல் ஆசை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்ற கட்டு ஒன்று அவள் கையில் கிடைத்துவிட்டது. உபதேசியார் மகள் சீட்டாடுகிறாள் என்று மேட்டு லயமெல்லாம் பேச்சு. தகப்பன் ரொம்ப யோசித்துவிட்டு இரண்டு கட்டளை போட்டார். கூட யாரும் ஆடக்கூடாது. இரண்டாம் ஆள் வந்தால் சூதாட்டம். தவக்காலத்தில் கட்டைத் தொடவே கூடாது.

அதனால் கொரெட்டி ஒத்தையாட்டத்தில் தேறினாள். ஏழு வரிசை பரப்பி, சிவப்பின் மேல் கறுப்பும் கறுப்பின் மேல் சிவப்புமாக இறக்கிக்கொண்டே போய், கடைசியில் நாலு சாதிச் சீட்டையும் தனித்தனியே அடுக்கிவிட்டால் ஜெயம். அப்பா போட்ட கட்டளைக்கு மேல் அவளே ஒன்று போட்டுக்கொண்டாள். பாதி ஆட்டத்தோடு தவக்காலத்துக்குள் நுழைய மாட்டாள். விபூதிப் புதனுக்கு முந்தின நாள், உலை கொதித்து வழிந்தாலும் சரி, உட்கார்ந்து ஆட்டத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து, கட்டைத் துணியில் சுற்றி அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

அப்போது எட்மண்ட் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கல்யாணமான புதிதில், சீட்டைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்தால், அவர் பின்னால் நின்று தோள்பட்டைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வாய் கேட்காது. "அந்த ஒம்போத எடேன்," என்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வாள்.

"ஒத்தையாட்டத்துல ரெண்டாவது வாய் எதுக்கு?"

தோற்றுப்போனால் உடனே கலைக்கவும் மாட்டாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் தப்பியது என்று பரப்பிய சீட்டையே பார்த்தபடி இருப்பாள். அது பிடிபட்ட பிறகுதான் கை நீளும்.

ஆபீசுக்குக் கணினி வந்தபோது எட்மண்டைத்தான் அதன் முன்னால் உட்கார வைத்தார் துரை. மின்சாரம் அப்போதும் தோட்டத்து இஞ்சினிலிருந்துதான் வந்தது. இஞ்சினைப் பார்த்துக்கொண்ட முனியாண்டி, நிறுத்துவதற்கு முன்னால் விளக்கை ஒருமுறை மினுக்குவார். மினுக்கியதும் கையில் இருப்பதைச் சேவ் செய்துவிட வேண்டும். ஒருதரம் எட்மண்ட் சேவ் செய்ய மறந்து, அந்த மாதத்துச் சம்பளக் கணக்கு மொத்தமும் காற்றில் போனது. துரை வாங்கிய வாங்கில் மனிதருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் 'சேவ்' என்பது ஆமென் மாதிரி. அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பயமில்லை. சாயங்காலம் கணினியை ஒழுங்காக மூடினால், கறுத்த திரையில் ஆரஞ்சு எழுத்து வரும்: இனி கணினியை அணைத்துவிடலாம், ஆபத்தில்லை. அதை ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார். ரப்பர்ப் பால் வாடையும் பழைய காகித வாடையும் அடித்த அந்த அறையில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுவது இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் இருந்தது.

தோட்டம் கைமாறி ஆபீசைக் காலி செய்தபோது, புதிய முதலாளிகளுக்கு அந்தப் பெட்டி வேண்டியிருக்கவில்லை. எட்மண்ட் அதைச் சாக்கில் சுற்றி லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொரெட்டி ஒரு வாரம் அதைத் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒருநாள் அதற்குள் ஒத்தையாட்டம் இருப்பது அவளுக்குத் தெரிந்துபோனது. அவ்வளவுதான், டிரசர் கட்டுக்கு ஓய்வு. ஜெயித்துவிட்டால் சீட்டெல்லாம் மேலிருந்து குதித்துக் குதித்துத் திரை முழுக்கக் கொட்டும். அதை மட்டும் அவளால் தனியாகப் பார்க்க முடியாது. "வாங்க, வாங்க, கொட்டுது," என்று வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிடுவாள். எட்மண்ட் குளிக்கிற இடத்திலிருந்து துண்டோடு ஓடிவந்திருக்கிறார். சீட்டுக்காகத் தொட்ட பெட்டியில்தான் அவள் தமிழ் தட்டச்சும் பழகி, அப்பா விட்டுப்போன சிலுவைப்பாதைப் பாட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

அந்தப் பெட்டி உயிரை விட்டபோது குளோரியாதான் அதற்குள் இருந்ததையெல்லாம் அப்படியே எடுத்து, புதிய கணினிக்குள் உள்பெட்டியாகக் குடிவைத்தாள். கொரெட்டி கேட்ட முதல் கேள்வி, "சீட்டு இருக்கா?" என்பதுதான். உள்பெட்டியை மூடும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: இப்போதிருக்கும் நிலையைச் சேவ் செய்யவா, ஷட் டவுன் செய்யவா? சேவ் என்ற சொல்லைக் கண்ட பிறகு எட்மண்ட் வேறு எதையாவது தொடுவாரா? சேவ் செய்து மூடினால், அடுத்த முறை திறக்கும்போது எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடியே நிற்கும். திறந்த பாட்டு திறந்தபடி, பரப்பிய சீட்டு பரப்பியபடி. இது ரொம்ப நல்ல பெட்டி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோவிட் சமயத்தில் ஒரு ஆகஸ்ட் காலையில் கொரெட்டி அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். சில நாளாக இருமல். மூச்சு ஏறி இறங்கியது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சீட்டையே பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிளாஸ்டிக் உடுப்புப் போட்டவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, "அப்படியே வெச்சிருங்க, வந்து பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்மண்ட் சேவ் செய்து மூடினார். ஆஸ்பத்திரிக்குள் அவரை விடவில்லை. சவப்பெட்டியைத் திறந்து முகம் பார்க்கவும் விடவில்லை. தோட்டத்தில் யார் செத்தாலும் ஊரே கூடித் தூக்கிய மனிதர்களால், உபதேசியார் மகளைத் தூக்க வர முடியவில்லை. அவருக்கு அவள் சொல்லிவிட்டுப் போன ஒன்றுதான் மிச்சம். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் உள்பெட்டியைத் திறப்பார். சீட்டைப் பார்ப்பார். ஒன்றையும் தொடமாட்டார். தவக்காலத்தில் பாட்டு அச்சடிக்க வேண்டுமானால் சீட்டுச் சன்னலைக் கீழே இறக்கிவைத்துவிட்டு வேலையை முடிப்பார். பிறகு சேவ். அவள் பாதியில் விட்டுப் போனது பாதியிலேயே இருந்தது. இது மகளுக்குத் தெரியாது. அறுபது தாண்டிய மனிதர் ஒரு சீட்டு விளையாட்டைக் கட்டிக்காக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

பெருநாள் காலையில் மூன்றாவது தடவைதான் உள்பெட்டி திறந்தது. குளோரியா புதிய பதிப்போடு வந்த குறிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"முதல்ல இத முழுசா ஷட் டவுன் பண்ணணும்பா. சேவ் பண்ணி நிறுத்தி வெச்சிருக்கிறத புதுசு தொறக்காதாம்."

"சேவ் பண்ணினது எப்படிம்மா போவும்? அதுக்குத்தானே சேவு?"

"பாட்டெல்லாம் பைலா சேவ் ஆயிருக்கு. அது எங்கயும் போவாது. இது வேற சேவுப்பா. தூங்க வெச்ச மாதிரி. வீடு மாறணும்னா எழுப்பித்தானே கூட்டிட்டுப் போவணும்?"

ஆபீசில் அத்தனை வருஷம் நம்பிய சொல் இப்படிக் காலை வாரிவிடும் என்று எட்மண்ட் எதிர்பார்க்கவில்லை. குளோரியா அதற்குள், திறந்து கிடப்பதையெல்லாம் மூடலாமென்று கீழே இருந்த சன்னல்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்தாள். பச்சைப் பின்னணியில் சீட்டு எழுந்து நின்றது. "அட, சீட்டாட்டம்," என்று அவள் மூலையிலிருந்த பெருக்கல் குறிக்கு அம்பைக் கொண்டுபோனபோது, எட்மண்ட் அவள் கையோடு சேர்த்து மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அது உங்கம்மா ஆட்டம்," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆகஸ்ட் காலை, நாற்காலியைத் தள்ளியது, அவள் சொன்னது, ஞாயிற்றுக்கிழமைகள். சொல்லி முடிக்கும்வரை குளோரியா கையை எடுக்கவில்லை. அடுத்த வரிசை வீடுகளில் சீனக் குடும்பம் ஒன்று பட்டாசைக் கொளுத்திப் போட்டது. அது வெடித்து அடங்கியதும், வேண்டுமானால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"படம் போதும்னா, உங்கம்மா படம் அந்தச் செவுத்துலயே இருக்கும்மா."

குளோரியா எழுந்து போய் இரண்டு கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். மாற்றாமல் விட்டால் பாட்டும் போய்விடும், ஆட்டமும் போய்விடும். மாற்றினால் ஆட்டம் மட்டும் போகும். கிராணிக்கு அந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கோப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

குளோரியா சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கி என்னா நாளு?"

"சீனப் பெருநாளு."

"நாளைக்கி விபூதிப் புதன். அம்மா என்னைக்காச்சும் பாதி ஆட்டத்தோட தவக்காலத்துக்குள்ள போயிருக்காங்களா?"

எட்மண்ட் கோப்பியைக் கீழே வைத்தார். இல்லை. ஒருநாளும் இல்லை. அவள் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்ததை அவர் வருஷா வருஷம் மீற வைத்திருக்கிறார். தவக்காலம் வந்து, ஈஸ்டர் வந்து, மறுபடி தவக்காலம் வந்து, அந்தச் சீட்டு மட்டும் பரப்பியபடி கிடந்திருக்கிறது. இதை யோசிக்காமல் போனோமே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நீ ஆடி முடிச்சிரும்மா," என்றார்.

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாது. நீங்கதானே பின்னால நின்னு பாத்தவரு."

பார்த்தவர்தான். பார்த்ததோடு சரி. முப்பது வருஷத்தில் ஒரு சீட்டைக் கூட அவர் நகர்த்தியதில்லை. நகர்த்த அவள் விட்டதுமில்லை. எட்மண்ட் மகளுடைய நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பரப்பிய சீட்டு அவருக்கு மனப்பாடம். ஒரு வரிசையின் கடைசியில் சிவப்பு டைமன் ஜாக்கி காத்திருந்தது. அதன் மேல் ஒரு கறுப்புப் பத்து வந்து உட்கார்ந்தால், பக்கத்து வரிசையின் ஹார்ட்டின் ஒன்பதைத் தூக்கி அதன் மேல் வைக்கலாம். ஒன்பதுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும் சீட்டு எழுந்திருக்கும். அதற்கப்புறம் ஆட்டம் ஓடும். அந்தப் பத்து மேலே கவிழ்ந்திருக்கும் கட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அவள் இன்னும் நாலு சீட்டு எடுத்திருந்தால் ஜெயித்திருப்பாள், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் நினைத்தார். அந்த நினைப்பு அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

கட்டைத் தட்டினார். மூன்று மூன்றாகச் சீட்டு புரண்டது. எதற்கும் இடமில்லை. மறுபடி தட்டினார். கறுப்பு இஸ்பேட் பத்து வந்தது, மூன்றில் நடுவாக. அதன் மேல் ஒரு கிளாவர் நாலு படுத்திருந்தது. அதை எடுத்தால்தான் பத்துக்கு வழி. அந்த நாலைக் கொண்டுபோய் வைக்க எங்கும் இடமில்லை. கட்டு தீர்ந்தது. திருப்பிப் போட்டு மறுபடி தொடங்கினார். அதே சீட்டு, அதே வரிசை, அதே நாலு. இன்னொரு கறுப்புப் பத்து எங்கோ கவிழ்ந்த சீட்டுக்கு அடியில் போயிருக்க வேண்டும். மூன்றாம் சுற்றிலும் அதுவே. நகர்த்த ஒரு சீட்டும் இல்லை.

எட்மண்ட் மவுஸை விட்டுவிட்டார். அந்தக் காலையில் கொரெட்டி ஒரு சீட்டையும் தொடாமல், கன்னத்தில் கையோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. மூச்சு முட்டியதால் அல்ல. தோற்ற ஆட்டத்தில் எங்கே தப்பியது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் அதைத்தான்.

"முடிஞ்சி போயிருந்துச்சும்மா," என்றார். "உங்கம்மா பாதியில எழுந்திரிக்கல. முடிச்சிட்டுத்தான் எழுந்திரிச்சிருக்கா."

ஆஸ்பத்திரி வாசலிலும் அழாத மனிதர், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோற்றுப்போன ஒரு சீட்டாட்டத்தைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். குளோரியாவும் அழுதாள். அடுத்த வரிசைக்காரர்கள் இன்னொரு சரம் கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லாமல் அழ முடிந்தது.

அழுது தீர்ந்ததும் எட்மண்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டுச் சன்னலைத் தானே மூடினார். ஷட் டவுனையும் தானே அழுத்தினார். உள்பெட்டி கறுத்து, நடுவில் ஆரஞ்சு எழுத்து வந்தது. ஆபீசில் வாசிப்பது போலவே அதை வாய்விட்டு வாசித்தார். அதற்குப் பிறகு புதிய பதிப்பை ஏற்றுவதற்கு ஒரு கோப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கிழம் ஒரே அழைப்பில் எழுந்து உட்கார்ந்தது. கொரெட்டி அடித்த பாட்டுகள் ஓர் எழுத்துப் பிசகாமல் திறந்து, ஒவ்வொரு தாளாக அச்சாகி வந்தன.

குளோரியா தாள்களை அடுக்கிக் கட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தால், அப்பா மறுபடி திரைக்கு முன்னால் இருந்தார். பச்சைப் பின்னணியில் புதிய சீட்டு பரப்பியிருந்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. குளோரியா சத்தமில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஆட்டம் தெரியாதவள்தான், காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனால் கறுப்புப் பத்து ஒன்று திறந்து கிடப்பதும், பக்கத்தில் சிவப்பு ஒன்பது நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்பா, அந்த ஒம்போத எடுங்களேன்."

எட்மண்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒத்தையாட்டத்துல ரெண்டாவது வாய் எதுக்கு?" என்றார்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. குளோரியா அம்மாவைப் போலவே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். எட்மண்ட் ஒன்பதை எடுத்துப் பத்தின் மேல் வைத்தார்.